அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு பொய்

போன சனிக்கிழமை வெண்டைக்காய் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் நாங்கள் வழக்கமாகப் போகும் இந்தியக் கடை. காய்கறிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி. பெயர் வேண்டாம். பிளசன்டனில் வீடு, தமிழ் விழாக்களில் பார்த்துச் சிரித்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனியை ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எப்படி இருக்கீங்க? ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன்... அந்த லண்டன் பொண்ணு, இங்க வந்து பாட்டெல்லாம் பாடிச்சே, அதோட அப்பா உங்க அண்ணன்தானே? பொண்ணை ரூம்ல வச்சுப் பூட்டினவர்? இப்பவாவது திருந்திட்டாரா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அடுத்த வெண்டைக்காய் ஒடிந்தது.

நான் கூடையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வருஷம்! அந்தப் பொய்க்கு இன்னும் வயதாகவில்லை. கடைக்குக் கடை இளமையாகத் திரிந்துகொண்டிருக்கிறது.

வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் சொந்தக் குடும்ப விவகாரம் எழுதுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – என் கணவர்கூட இதில் குறட்டை விடுவதற்கு மட்டும்தான் தலைகாட்டுவார். அந்தக் கொள்கையை இந்த வாரம் ஓரமாக வைக்கிறேன். லண்டனுக்கு ஃபோன் போட்டு, சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி கேட்டாகிவிட்டது. கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமுவேல் அண்ணன் என் பெரியப்பா மகன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சின்ன வயதில் லண்டன் போனவர், அங்கே மாடி பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள், ஜெனிட்டா. அங்கேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "அத்தை" என்ற ஒரு சொல் மட்டும் சுத்தமான நாகர்கோவில் தமிழில் வரும்.

ஜெனிட்டா சர்ச் பாடகர் குழுவில் ஆறு வயதில் நின்றவள். பதினோரு வயதில் சொந்தமாக ட்யூன் போட ஆரம்பித்தாள். அண்ணனுக்கு இங்கிலீஷ் பாப் பாட்டு என்றால் ஒன்றும் தெரியாது. ஆனால் மகளுக்குச் சாயங்காலம் பாட்டு கிளாஸ் என்பதால் டிப்போவில் கேட்டு விடிகாலை ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். இருட்டோடு கிளம்பி பஸ் ஓட்டிவிட்டு, சாயங்காலம் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போவார். கிளாஸ் முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருப்பார். குளிர் காலத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு! எத்தனை வருஷம்? ஏழு.

பதினேழு வயதில் ஒரு ரெகார்ட் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. கான்ட்ராக்ட் பத்திரத்தை அண்ணன் டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தாராம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி, "படிப்பை எப்ப வேணும்னாலும் தொடரலாம்ல?"

முதல் பாட்டு இங்கிலாந்து ரேடியோவில் ஓரளவு ஓடியது. ஆல்பம் வருவதற்கு முன்பு அமெரிக்காவில் முகத்தைக் காட்ட வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. ஷாப்பிங் மால்களில் பாட்டு, ரேடியோ ஸ்டேஷன்களில் பேட்டி. முதலில் லாஸ் ஏஞ்சலஸ், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய எங்கள் பே ஏரியாவில் பத்து நாள், அப்புறம் டெக்ஸாஸ், கடைசியாக நியூ ஜெர்சி. தொண்ணூற்றொன்பது கோடைகாலம். அவளுக்குப் பதினெட்டு.

"பிள்ள வருது மக்ளே. பாத்துக்கோ. மீன் கொழம்பு வச்சுக் குடு, ஹோட்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்காது" என்று அண்ணன் ஃபோன் செய்தார். எங்கள் ஊரில் தங்கையும் மக்ளேதான். குரலில் அப்படி ஒரு பெருமை.

நானும் கணவரும் சான் ஹோஸே பக்கம் ஒரு மாலுக்குப் போனோம். நடுவில் சின்ன மேடை. வாசலிலேயே ஒரு பெண் பளபளப்பான காகிதம் ஒன்றைக் கையில் திணித்தாள். அதில் ஜெனிட்டாவின் படம். நெற்றியில் ஜிகினா வைத்த பொட்டு! பொட்டே வைக்காத கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கீழே பெரிய எழுத்தில் பெயர் – காஷ்மீரா.

ஜெனிட்டா சாமுவேல் என்ற பெயர் போதுமான அளவு இந்தியத்தனமாக இல்லையாம். கன்னியாகுமரி ஜில்லாக்காரிக்குக் காஷ்மீரா என்று பெயர் வைத்தவன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். கணவரிடமும் காட்டினேன்.

அப்புறம் பின்பக்கத்தைப் படித்தேன்.

பாடுவது பாவம் என்று சொல்லித் தந்தை அவளை அறையில் வைத்துப் பூட்டினாராம். பதினாறு வயதில், இரண்டு மடங்கு வயதுள்ள ஒருவனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்தாராம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஜன்னல் வழியாகக் குதித்து, ஒற்றைப் பையோடு ஓடிவந்தாளாம். சங்கிலியை உடைத்த குரல்... இருட்டிலிருந்து வந்த இசை... இப்படியே போனது.

இரண்டாவது தடவை படித்தேன். வேறு யாரோ பெண்ணின் காகிதத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அதற்குள் அவள் மேடைக்கு வந்துவிட்டாள். பாடினாள். நன்றாகப் பாடினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெட்ஸல் ரொட்டி வாங்கிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். ஸ்ட்ரோலரில் அழுத குழந்தை அழுகையை நிறுத்தியது. இந்தக் குரலுக்கு எதற்கு ஒரு ஜன்னலும் சங்கிலியும்?

பாட்டு முடிந்ததும் "அத்தை!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் காகிதத்தை நீட்டினேன். அவள் முகம் மாறியது.

"அது... டெப்பி எழுதினது அத்தை."

டெப்பி, கம்பெனி அவளோடு அனுப்பிய விளம்பர அதிகாரி. நாற்பது வயதிருக்கும், காதிலிருந்து செல்ஃபோனை எடுக்காத பெண்மணி. அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஜெனிட்டாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மீன் குழம்பு வைத்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

லண்டனில் டெப்பி அவளை உட்கார வைத்து, "நீ பாடுறதுக்கு உங்க அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டாராம்.

"எங்க அப்பாதான் என்னை எல்லா கிளாஸுக்கும் காரில் கூட்டிட்டுப் போவார்."

"கேக்க ரொம்ப அழகா இருக்கு டார்லிங். ஆனா இது கதை இல்லையே!"

கதை இல்லையாம்! ஏழு வருஷம் ஒரு மனிதன் போர்வையைச் சுற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தது கதை இல்லையாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் அப்பா அதைச் செய்திருந்தால் கதையாகியிருக்கும். படத்தோடு போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் ஒரு அப்பா என்றால் அவர் கையில் பிரம்பு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு அவர் கண்ணுக்கே தெரிய மாட்டார்.

"நீ மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னேன் அத்தை. ஆல்பம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகலாம்னாங்க. அப்புறம்... எல்லாருக்கும் இப்படி ஒரு கதை உண்டுன்னாங்க. இங்கிலாந்தில் இதைச் சொல்ல மாட்டோம், அமெரிக்காவுக்கு மட்டும்தான், அப்பாவுக்குத் தெரியவே தெரியாதுன்னாங்க."

"லாஸ் ஏஞ்சலஸ்ல பேட்டி குடுத்தியே. அங்க உன் வாயால சொன்னியா?"

தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் சொல்லியிருந்தாள். இரண்டு ஸ்டேஷன்களில். என் ரத்தம் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

என் கணவர் மெதுவாக, "சின்னப் பொண்ணு, விடு" என்றார். என்னால் விட முடியவில்லை. அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு பொய்! பொய்க்கு விசா ஸ்டாம்ப் அடித்தா அனுப்புகிறார்கள், போன இடத்திலேயே நின்றுகொள்வதற்கு?

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒன்றை மட்டும் தமிழிலேயே கேட்டாள். "அப்பாட்ட சொல்லாதீங்க அத்தை."

நான் சொல்லவில்லை. அது என் தப்பு. அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு நானே சொல்லியிருந்தால் அவர் என் வாயால் கேட்டிருப்பார். வேறு விதமாகக் கேட்கும்படி ஆனது.

அந்த வாரமே பொய் புறப்பட்டுவிட்டது. மாலில் காகிதத்தை வாங்கிய யாரோ ஒரு தமிழர் அதை அப்படியே டைப் செய்து, படத்தையும் ஸ்கேன் பண்ணி, எங்கள் பக்கத்துத் தமிழர்களின் இமெயில் குழுவில் போட்டுவிட்டார். அடுத்த ஐந்து நாள் திருவிழாதான். ஒரு கோஷ்டி, "இப்படிப்பட்ட காட்டுமிராண்டி அப்பன்களால்தான் நமக்கு வெளிநாட்டில் தலைகுனிவு" என்றது. இன்னொரு கோஷ்டி, "பூட்டி வைத்ததில் என்ன தப்பு, அவள் போட்டிருக்கும் சட்டையைப் பாருங்கள்" என்றது. பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டார்கள். பாரதப் பண்பாடு, பெண் விடுதலை, எல்லாம் வந்தது. யாருக்கும் வராத ஒரு கேள்வி – இது உண்மையா?

படித்தவர்கள் சார் எல்லாரும். ஆபீஸில் ஒரு வரி புரோகிராமை மூன்று தடவை டெஸ்ட் பண்ணாமல் வெளியே விடாதவர்கள். நானும் சன்னிவேலில் அதே டெஸ்டிங் வேலை பார்க்கிறவள்தான், தெரிந்துதான் சொல்கிறேன். ஒரு மனிதனின் மானத்தை மட்டும் டெஸ்ட் பண்ணாமலே ஃபார்வர்ட் பண்ணிவிடுவோம்.

நான் பதில் எழுதினேன். "இது முழுப் பொய். அவர் என் அண்ணன்." உடனே ஒருவர் எழுதினார்: "குடும்பத்தார் மூடி மறைக்கத்தான் பார்ப்பார்கள்."

அடுத்த ஞாயிறு காலை நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஃபோன் அடித்தது. அண்ணன். லண்டனில் அப்போது சாயங்காலம். மத்தியான ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அங்கே சர்ச்சில் ஒருவர், கைமாறி லண்டன்வரை போய்விட்ட இந்த இமெயிலைப் பிரின்ட் எடுத்து, நாலாக மடித்து, பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருக்கிறார். "உங்களுக்காக ஜெபிக்கிறோம் பிரதர்" என்று வேறு சொன்னாராம்.

இதையெல்லாம் அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். பிறகு கேட்டார்.

"நான் எப்ப மக்ளே கதவைப் பூட்டினேன்? நம்ம வீட்டு ரூம் கதவுக்குப் பூட்டே கிடையாதே?"

அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கிடையாது. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவமானப்படுத்திவிட்டார்கள் என்று சொல்லவில்லை, மகள் துரோகம் செய்துவிட்டாள் என்று சொல்லவில்லை. பூட்டே கிடையாதே என்று ஏதோ பொருளைத் தொலைத்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா? பாடப் போற பிள்ள. அழுதா தொண்ட கட்டிரும்."

அன்று மத்தியானம் ஜெனிட்டா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை சான் ஃபிரான்சிஸ்கோவில் பெரிய ரேடியோ பேட்டி. நான் லீவு போட்டு அவளைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அவள் என் சமையலறையில் உட்கார்ந்து ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். நான் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

திங்கள் காலை சான் மட்டேயோ பாலத்தில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் தண்ணீர். அண்ணன் சொல்லாதே என்றிருந்தார். நான் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும். இமெயில், பைபிள், மடித்த காகிதம். "பூட்டே கிடையாதே" என்றது. தொண்டை கட்டிவிடும் என்றது. நான் அப்படிச் சொன்னது சரியா? இன்றைக்கும் தெரியவில்லை. என் குரலில் அவளை அழவைக்கும் வெறி கொஞ்சம் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

அவள் அழவில்லை. பாலம் முடியும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஃப்ரீவேயில் ஏறியதும் ஒன்று கேட்டாள். "அப்பா சாப்பிட்டாரா?"

ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு. இந்தப் பக்கம் நானும் டெப்பியும். நிகழ்ச்சி நடத்தியவன் ஊர் முழுக்கக் காலையில் காரில் கேட்கிற வாயாடி. நாலு வரி பேசினான். பாட்டைக் கொஞ்சம் போட்டான். பிறகு, "சரி, இப்போ அப்பா கதைக்கு வருவோம்" என்று ஒரு பட்டனை அழுத்தினான்.

கதவு சாத்துகிற சத்தம். அதன் பின்னால் பூட்டுகிற சத்தம் – க்ளிக்! அதன் பின்னால் பத்துப் பேர் சிரிக்கிற சத்தம்.

தயாராக வைத்திருந்திருக்கிறான். என் அண்ணன் மேல் சுமத்திய பொய்க்குச் சத்தம் சேர்த்து, பட்டனில் ஏற்றி வைத்திருந்திருக்கிறான்.

ஜெனிட்டா மைக்கை இழுத்துக்கொண்டாள். "அந்தச் சத்தத்தை நிறுத்துங்க" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அழுத்தினான்.

"என் பெயர் காஷ்மீரா இல்லை. ஜெனிட்டா சாமுவேல். எங்க அப்பா பஸ் டிரைவர். ஏழு வருஷம் என்னைப் பாட்டு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனார், வெளியே குளிரில் காத்திருந்தார். எங்க வீட்டில் எந்த ரூமுக்கும் பூட்டு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் ரெண்டு ஸ்டேஷனில் நான் சொன்னது பொய். சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். அப்பா, சாரி."

கடைசி இரண்டு வார்த்தையையும் அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை.

உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஏதோ மெத்தை விளம்பரம்.

டெப்பி என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. "என்ன காரியம் செஞ்சுட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

எட்டு வருஷமாக மீட்டிங் மீட்டிங்காக நான் பேசிய இங்கிலீஷ் அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை. அச்சு அசல் நாகர்கோவில் தமிழில் திட்டினேன். ரிசப்ஷன்வரை கேட்டிருக்கும். அச்சில் போட முடியாது, ஆசிரியர் வெட்டிவிடுவார். டெப்பிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

உண்மை ஜெயித்தது என்று இங்கே முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் நடந்தது அது இல்லை.

டெக்ஸாஸ் ரத்து. நியூ ஜெர்சி ரத்து. இரண்டு நாளில் கம்பெனி ஓர் அறிக்கை விட்டது: "பாடகி இன்னும் தன் தந்தைக்கு அஞ்சுகிறார். அவருடைய பாதுகாப்பைக் கருதிச் சுற்றுப்பயணம் நிறுத்தப்படுகிறது."

கவனித்தீர்களா? அவள் உண்மையைச் சொன்னதையே பொய்க்குச் சாட்சியாக ஆக்கிவிட்டார்கள். பூட்டினார் என்றால் பூட்டினார். பூட்டவில்லை என்றால், அவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறார்! எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன்தான் குற்றவாளி. எங்கள் இமெயில் குழு அதையும் அப்படியே விழுங்கியது. "பாவம், மிரட்டி மாத்திச் சொல்ல வச்சிருக்காங்க" என்று ஒருவர் கண்ணீர் வடித்தார்.

ஜெனிட்டா லண்டன் திரும்பினாள். ஏர்போர்ட்டில் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நின்றாராம். என்ன சொல்வது என்று விமானம் முழுக்க அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "தொண்ட எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்த விஷயத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் பேச வைத்தாள், மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. அவர் ஒரு நாள் கோபப்பட்டுக் கத்தினாராம். "அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு அத்தை" என்றாள்.

ஆல்பம் வெளிவரவில்லை. வேறு யாருக்கும் இரண்டு வருஷம் பாடித் தரக்கூடாது என்று கான்ட்ராக்ட். அந்த வயதில் இரண்டு வருஷம் என்றால் எவ்வளவு பெரியது? அவள் கல்லூரியில் சேர்ந்தாள். வீட்டில் பாட்டு எழுதினாள். இந்த வருஷம் கட்டு அவிழ்ந்தது. இப்போது சின்னச் சின்ன ஹால்களில் சொந்தப் பெயரில் பாடுகிறாள். ஐம்பது பேர், அறுபது பேர். அவளுடைய பாப் வாழ்க்கை இனிமேல்தான் தொடங்க வேண்டும். தொடங்கலாம், தொடங்காமலும் போகலாம். குரல் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊர் இமெயில் குழுவில் அன்று எழுதியவர்களில் எத்தனை பேர் பிற்பாடு வருத்தம் தெரிவித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒருவர். இப்போது ஹூஸ்டனுக்குக் குடிபோய்விட்டார். "நானும் நம்பினேன், நானும் நாலு பேருக்கு அனுப்பினேன், எனக்கும் ரெண்டு பெண் குழந்தைகள், தூக்கம் வரவில்லை, உங்கள் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்று போன மாதம் எனக்கு எழுதியிருந்தார். நம்பரைக் கொடுத்தேன். பேசினாராம். அரை நிமிஷத்தில் மன்னித்துவிட்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாராம் அண்ணன்.

அண்ணன் நல்ல மனுஷன். நான் அப்படி மன்னிக்கிறவள் இல்லை, பத்தி எழுதுகிறவள்.